கெர்னலைத் தொடாமல் ஒரு கடிகாரம்: ராஸ்பெர்ரி பை ஓவர்லேயுடன் சில வருடங்கள்

2020-ல் வாங்கிய ராஸ்பெர்ரி பை 3 என்ற கையடக்கக் கணினி இன்னும் வீட்டுப் பரணில் ஓடுகிறது. அறையின் வெப்பநிலையைக் குறித்து வைப்பதுதான் அதன் வேலை. போர்டில் பேட்டரிக் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால், கடைசியாகச் சேமித்த நேரத்திலிருந்தே எண்ணத் தொடங்கிவிடும். நெட் வரும்வரை மதியக் கணக்கெல்லாம் காலைக் கணக்கில் விழும். அதனால் டிஎஸ்3231 கடிகாரச் சில்லு ஒன்றை வாங்கி மாட்டினேன்.

யுஎஸ்பியில் எதைச் செருகினாலும் 'நான் இன்னார்' என்று அதுவே சொல்லும். இந்தக் கடிகாரம் மாதிரி ஐ2சி என்ற இரு கம்பி இணைப்பில் தொங்கும் சில்லு வாயே திறக்காது. முன்பெல்லாம் எந்த முகவரியில் எது இருக்கிறது என்று கெர்னலின், அதாவது லினக்ஸின் மையப் பகுதியின், சி நிரலிலேயே எழுதி, கம்பைல் செய்ய வேண்டும். 2015 தொடக்கத்தில், 3.18 கெர்னலோடு, பைக்கு டிவைஸ் ட்ரீ வந்தது: எந்தச் சில்லு எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் வரைபடம். பூட் ஆகும்போது, கெர்னலுக்கு முன்பே ஓடும் ஃபர்ம்வேர் கான்ஃபிக் கோப்பைப் படித்து, நாம் கேட்ட ஓவர்லே என்ற கூடுதல் துண்டை அடிப்படை வரைபடத்தில் ஒட்டி, கெர்னலிடம் கொடுத்துவிடும். சில்லோடு பேசும் நிரலான டிரைவர், மாட்யூலாக ஏற்கெனவே உள்ளே தூங்கிக்கொண்டிருக்கிறது, எழுப்பினால் போதும். அதற்குக் கான்ஃபிக் கோப்பில் ஒரே வரி போதும் என்பார்கள்.

டிடிஓவர்லே=ஐ2சி-ஆர்டிசி,டிஎஸ்3231 என்று ஒரு வரி சேர்த்தேன். ரீபூட். ஒன்றும் நடக்கவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. சாலிடரிங்கைச் சந்தேகித்து ஒரு மாலை முழுக்க வீணானது. கோப்பில் ஏற்கெனவே ஒரு ஓவர்லே வரி இருந்ததே என்று அதன் கீழேயே என்னுடையதையும் எழுதியிருந்தேன். இரண்டு வரி மேலே சதுர அடைப்புக்குள் 'பை4' என்றிருந்ததை யார் பார்த்தது? அந்தப் பகுதியைப் பை 4 மட்டும்தான் படிக்கும். கோப்பின் கடைசிக்கு, 'ஆல்' பகுதிக்கு, மாற்றியதும் டிரைவர் பிடித்துக்கொண்டது. ஐ2சி கம்பியில் இருக்கும் சில்லுகளைக் காட்டும் ஐ2சிடிடெக்ட் அட்டவணையில், 68 என்று சில்லின் முகவரி இருந்த இடத்தில் இப்போது யுயு. சில்லு செத்துவிட்டது என்று முதலில் பதறினேன். டிரைவர் கைப்பற்றிவிட்டது என்பதற்குத்தான் அந்த அடையாளமாம்.

'ஒரே வரி போதும்' என்பதும் பாதி உண்மைதான். போலிக் கடிகாரம் காட்டும் ஃபேக்-எச்டபிள்யுகிளாக்கை நீக்கி, எச்டபிள்யுகிளாக்-செட் கோப்பில் மூன்று வரிகளைக் கமெண்ட் செய்த பிறகே நேரம் சரியாக நின்றது.

பிறகு டிஎஸ்18பி20 வெப்ப உணரி. 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர், போர்டின் ஜிபிஐஓ 4 பின், கான்ஃபிக் கோப்பில் டபிள்யு1-ஜிபிஐஓ ஓவர்லே வரி. ஐந்து நிமிட வேலை.

2023-ல் பையின் இயங்குதளத்துக்குப் புக்வார்ம் என்ற புதிய பதிப்பு வந்ததும் கார்டைப் புதிதாகப் பதித்தேன். பழக்க தோஷத்தில் பூட் அடைவிலிருந்த கோப்பைத் திறந்தால், 'இதைத் திருத்தாதே, ஃபர்ம்வேர் அடைவுக்குப் போ' என்றது. பழைய வரிகளை அங்கே ஒட்டினேன். முதல் பூட்டிலேயே கடிகாரமும் உணரியும் எழுந்துவிட்டன. கெர்னல் எத்தனை முறை மாறினாலும் அந்த வரிகளை நான் தொட்டதில்லை.

டிரைவரே கெர்னலில் இல்லாவிட்டால் ஓவர்லேயால் ஒன்றும் ஆகாது. மலிவாகக் கிடைத்த ஒரு தொடுதிரையோடு கடைக்காரர் தந்த டிரைவர், ஏதோ ஒரு பழைய கெர்னலுக்காகக் கம்பைல் செய்தது, புதியதில் ஏறாது. திரை மேசை இழுப்பறையில் கிடக்கிறது.