மாரிகால நடைக்குழு: மூன்று முறை போய்வந்து எழுதுகிறேன்

திருகோணமலைக்கு எப்போது வரலாம் என்று யாரிடம் கேட்டாலும் மே தொடக்கம் செப்டெம்பர் வரை என்பார்கள். கடலுக்காக வருகிறவர்களுக்கு அது சரி. நடக்க ஆசைப்படுகிறவர்களுக்கு அந்த மாதங்கள் சரிவராது. கச்சான் காற்று அடிக்கத் தொடங்கினால் காலை எட்டு மணிக்கே முகம் காய்ந்துவிடும், ஒன்பதுக்கு நிழல் தேட வேண்டியதுதான். நடைக்கு எங்கள் காலம் மாரி. ஜனவரியில் பகல் சூடு 28 பாகையை ஒட்டித்தான் நிற்கும், விடியப்புறம் 24 அளவில் இருக்கும், குளங்கள் நிரம்பி வயல்கள் பச்சை பிடித்துக் கிடக்கும். ஆனால் ஆண்டு முழுவதும் பெய்கிற மழையில் பெரும்பங்கு ஒக்டோபருக்கும் ஜனவரிக்கும் இடையில்தான் கொட்டித் தீர்க்கிறது, அதனால் மண்பாதைகளில் தனியே இறங்குவது புத்தியில்லை. குழுவோடு போக வேண்டும், அதுவும் நல்ல குழுவோடு.

நல்ல குழு என்று அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு குழுவோடு பெரியம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன், அவர்கள் பெயர் வேண்டாம். பெரியம்மாவுக்கு அப்போது 61 வயது, முழங்கால் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் மெதுவாக எவ்வளவு தூரமும் நடப்பார். முன்னே போன பொடியன்கள் படம் எடுக்கிற அவசரத்தில் எட்டி நடந்து போய்விட்டார்கள். பாதை இரண்டாகப் பிரிகிற இடத்தில், கொட்டுகிற மழையில், எந்தப் பக்கம் போனார்கள் என்று தெரியாமல் நாங்கள் இரண்டு பேரும் முக்கால் மணிநேரம் நின்றோம். போனில் சிக்னல் இல்லை. கடைசியில் விறகு ஏற்றி வந்த உழவு இயந்திரக்காரர்தான் எங்களை ரோட்டில் கொண்டுவந்து விட்டார். குழுவில் ஒருவருமே எங்களை எண்ணிப் பார்க்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வரும்.

இந்த மாரிக்கு நான் போனது வேறு ஆட்களோடு. நடத்துகிற அக்கா எங்கள் ஊர்ப்பிள்ளை, நோர்வேயில் பல வருடம் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். அங்கே குளிர்காலத்தில் வார இறுதி என்றால் பனிச்சறுக்கிலும், பனியில் புதையாமல் நடக்கக் காலில் கட்டும் அகலமான பனிக்காலணியிலும், வெறும் சப்பாத்தோடும் கூட்டம் கூட்டமாக நாட்டுப்புறப் பாதைகளுக்குப் போவார்களாம், அப்படியொரு கூட்டத்தில்தான் அவர் நடை பழகியிருக்கிறார். நடை தொடங்குமுன் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டுவார். உள்ளே க்விக் லுன்ஷ் என்ற நோர்வே சொக்லேட்டின் மேலுறை, சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகக் கோடு போட்டது, மடித்த இடங்களில் வெளிறிப்போய் இருக்கும். அதன் உட்பக்கத்தில் மலைக்குப் போகிறவர்களுக்கான ஒன்பது விதிகளை அச்சடித்திருக்கிறார்கள். 1967 ஈஸ்டர் விடுமுறையில் மலைகளில் பலர் இறந்ததற்குப் பிறகு இந்த விதிகளை நாடு முழுவதும் பரப்பினார்களாம். அக்கா எட்டாவதை மட்டும் விரலால் தொட்டு வாசிப்பார்: நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் எதுவும் இல்லை. இதை முதல் தடவை கேட்டபோது நல்ல பேச்சு என்றுதான் நினைத்தேன். இரண்டாவது நடையில்தான் அவர் அதைச் செய்தும் காட்டினார்.

முதல் நடை நிலாவெளிக் கடற்கரை வழியாக இறக்கக்கண்டிப் பக்கம் போவது. அதைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றும் இல்லை. வாடைக்காற்றில் கடல் கரையை அரித்துச் சரித்து வைத்திருக்கும், ஒரு கால் மேட்டிலும் மறுகால் பள்ளத்திலுமாக ஆறு கிலோமீற்றர் நடந்தால் கணுக்கால் கழன்றுவிடும். ஒரு மனிதர் இல்லாத கடற்கரை, புறாத்தீவுக்கு ஓடும் படகுகள் எல்லாம் மேலே இழுத்துக் கவிழ்த்துக் கிடந்தன, அந்த வெறிச்சோடிய அழகு எனக்குப் பிடித்தது. ஆனால் முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்க்கலாம். பதிவு செய்யும்போது அவர்கள் இதைச் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

இரண்டாவது பெரியகுளத்துப் பக்கம். டிசம்பர் கடைசி, விடிய ஐந்தே முக்காலுக்குக் கிறவல் ரோட்டில் வான் வண்டியை விட்டு இறங்கினோம். பன்னிரண்டு பேர், அதற்கு மேல் எடுப்பதில்லை. அக்கா முன்னால், அவருக்கு நேர் பின்னால் பெரியம்மா, ஏனென்றால் அவர்களின் வழக்கம் அதுதான்: யார் மெதுவோ அவர்தான் இரண்டாவது ஆள், அவர் நடக்கிற வேகம்தான் எல்லோருக்கும் வேகம். கடைசியில் ஒரு தம்பி வருவார், அவரைத் தாண்டிப் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. ஒவ்வொரு வளைவிலும் எண்ணுவார்கள். நோர்வேயில் கால் பனியில் ஆழமாய்ப் புதைகிற இடத்தில் முன்னால் போகிறவருக்குத்தான் களைப்பு அதிகமாம், அதனால் அங்கே மாறி மாறி முன்னே போய்த் தடம் போடுவார்களாம். இங்கே தடம் போட வேண்டிய அவசியமில்லை, ஆனால் முழங்கால் உயரப் புல்லில் முதலில் கால் வைப்பவர் தடியால் தட்டிக்கொண்டே போக வேண்டும், அந்த வேலையை அக்காவும் தம்பியும் மட்டும்தான் செய்தார்கள், காசு கொடுத்து வந்தவர்களிடம் விடவில்லை.

மழை இல்லை, இலையில் இருந்து மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. பற்றைக்குள் இரண்டு தட்டாக ஒரு விசில், திரும்பத் திரும்ப. ஆறுமணிக்குருவி. இந்தியாவில் இருந்து மாரிக்கு எங்கள் பக்கம் வந்து ஏப்ரல் மட்டில் திரும்பிப் போகிற பறவை, காலையும் மாலையும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடுவதால் அந்தப் பெயர். தம்பி கையைக் காட்டி எல்லோரையும் குந்த வைத்தார். சருகுக்குள் அது தத்தித் தத்தி வந்தது, பச்சை முதுகு, கண்ணை ஊடறுத்துப் போகிற கறுப்புக் கோடு, வாலுக்குக் கீழே குங்குமம் அப்பியது போல் சிவப்பு. ஒரு இலையைப் புரட்டிப் புழுவை இழுத்ததையும் பார்த்தோம். எட்டு அடி தூரம்கூட இருக்காது. பெரியம்மா என் கையைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது.

அதற்குப் பிறகு ஒரு கிலோமீற்றர் போயிருப்போம், பாதை நடுவில் யானை இலத்தி. அக்கா நின்று தடியால் உடைத்தார். உள்ளே இருந்து ஆவி வந்தது. சுற்றிலும் புல் மிதிபட்டு ஒரு பக்கமாய்ச் சாய்ந்து கிடந்தது, அடித்தடத்தில் தண்ணீர் இன்னும் தெளியவில்லை, சேறு கலங்கியபடியே இருந்தது. ஒற்றைத் தடம். கூட்டமாய்ப் போகிற யானைகளைவிடத் தனியன் ஆபத்து என்பது எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் தெரியும். அக்கா ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. "திரும்புவோம்" என்றார், அவ்வளவுதான்.

கொழும்பில் இருந்து வந்திருந்த ஒருவருக்கு மனமில்லை. இவ்வளவு தூரம் வந்தது குளத்தைப் பார்க்கத்தானே, சத்தம் போட்டுக்கொண்டு போனால் யானை விலகிவிடும்தானே என்று கேட்டார். அக்கா குரலை உயர்த்தாமல், "அண்ணா, குளம் அடுத்த மாசமும் அங்கதான் இருக்கும்" என்றார். மெதுவாக, கதைக்காமல், வந்த வழியே நடத்திக் கூட்டிவந்தார், வானடிக்கு வந்ததும் இன்னொரு தடவை எண்ணினார், அப்புறம் வனசீவராசிகள் திணைக்களத்துக்கும் போன் போட்டுச் சொன்னார். பாதி நடைதான் நடந்தோம் என்பதற்காக எல்லோருக்கும் அடுத்த நடையில் பாதிக் காசைக் கழித்தார்கள், யாரும் கேட்காமலே. ஒரு நடைக்குத் தலைக்கு 2,500 ரூபா, அதில் வானும் சாப்பாடும் அடக்கம்.

மிச்ச நேரத்தைக் கன்னியாவில் கழித்தோம். நனைந்த உடம்போடு வெந்நீர்க் கிணற்றடிக்குப் போவதைப் போல ஒரு சுகம் இந்த ஊரில் வேறு இல்லை. ஏழு கிணறு, ஒவ்வொன்றிலும் சூடு வேறு. தாய்க்குக் கடன் செய்ய இராவணன் உண்டாக்கியவை என்று கதை, இன்றைக்கும் இறந்தவர்களுக்கான அந்தியேட்டிக் கிரியைக்குச் சனம் வருகிற இடம், அதனால் கூச்சல் போட வேண்டாம் என்று வானுக்குள்ளேயே சொல்லித்தான் கூட்டிப்போனார்கள். பெரியம்மா சூடு குறைந்த கிணற்றில் தொடங்கி, வாளியால் முழங்காலில் மட்டும் ஊற்றிக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றாய் மாறி மாறி ஊற்றினார். "பிள்ளை, யானைக்குத்தான் நன்றி சொல்லோணும்" என்று அக்காவிடம் சொன்னார்.

சாப்பாடு நல்லது. பிட்டும் மீன்குழம்பும் வாழையிலையில் கட்டி வந்தது, இஞ்சி போட்ட வெறுந்தேத்தண்ணீருக்குப் பனங்கட்டி. சைவக்காரருக்கு இடியப்பமும் சொதியும் தனியாக வைத்திருந்தார்கள்.

மூன்றாவது தம்பலகாமம், இதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன் என்றே சொல்லலாம். ஆதிகோணநாயகர் கோயிலடியில் தொடங்கி வாய்க்கால் அணைக்கட்டு வழியே வயலைச் சுற்றி எட்டு கிலோமீற்றர், முழுவதும் சமதரை. போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது காப்பாற்றிய திருவுருவங்களைப் பிற்பாடு இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்பது வழிவழியாக வருகிற கதை, அதைக் கோயில் வீதியில் நின்று அக்கா சுருக்கமாகச் சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கினார். நெல் கதிர் தள்ளுமுன் குடலைக்கு வந்திருந்தது. கந்தளாய்க் குளத்துத் தண்ணீர்தான் இந்த வயல்களுக்கு வருகிறது. வாய்க்கால் முட்ட ஓடியது, கொக்கும் நாரையும் வரப்புக்கு வரப்பு நின்றன.

இங்கே அவர்கள் வைக்கிற இரண்டு கட்டுப்பாடுகளும் எனக்கு மிகவும் பிடித்தவை. முதலாவது, மழையில் ஊறிய வரப்பில் யாரும் ஏறக் கூடாது, அணைக்கட்டிலேயே நடக்க வேண்டும். வரப்பு ஒரு இடத்தில் உடைந்தால் ஒருவருடைய வயல் தண்ணீர் அடுத்தவருடைய வயலுக்குப் போய்விடும், அதைத் திரும்பக் கட்டுவது விவசாயியின் முதுகு. நோர்வேயில் சறுக்குப் பலகைக்காக இழுத்து வைத்த தடத்தில் நடந்து போகிறவர்கள் கால் வைக்க மாட்டார்களாம், ஓரமாய்த்தான் போவார்களாம், அடுத்தவனின் உழைப்பை மிதிக்காதே என்ற அதே மரியாதைதான். இரண்டாவது, காலில் வெடிப்போ காயமோ இருந்தால் வயல் நடைக்கு எடுப்பதில்லை. மழைக்காலத்தில் வயல் சேற்றில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும், அது தோலில் உள்ள சிறு கீறல் வழியாகவே உள்ளே போகும். தொடங்குமுன் ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள், ஒரு பிள்ளையின் குதிக்காலில் சப்பாத்துக் கடித்த புண் இருந்தது, அவரைக் கோயிலடியில் இருந்து ரோட்டு வழியாக வானில் அனுப்பிவிட்டார்கள். கண்ணாடிப் புடையனும் எலியைத் தேடி வயலுக்கு வருகிற பாம்புதான், அதனால் செருப்போடு வந்தவரையும் சேர்க்கவில்லை. சிலருக்கு இது கெடுபிடியாகத் தெரியலாம். எனக்கு நிம்மதியாக இருந்தது.

உடுப்பு விஷயத்தில் அவர்கள் சொல்வதைக் கேளுங்கள். தடித்த ஜீன்ஸ் வேண்டாம், பருத்தி நனைந்தால் பாரமாகித் தொடையை உரசிப் புண்ணாக்கும். நோர்வேப் பனிக்குளிரில் நனைந்த பருத்தி உடம்புச் சூட்டையே இழுத்துவிடும் என்பதால் அங்கே உள்ளே கம்பளிதான் போடுவார்களாம். எங்களுக்குக் கம்பளி தேவையில்லை, விளையாட்டுக்குப் போடுகிற மெல்லிய துணி போதும், பையில் மாற்றுடுப்பு ஒன்று, காலுறை இரண்டு சோடி.

குறை சொல்ல வேண்டியதையும் சொல்கிறேன். மூன்றில் இரண்டு தடவை வான் பிந்தி வந்தது, ஒருநாள் 25 நிமிடம், அந்த இருட்டில் பெண்கள் ரோட்டோரத்தில் நிற்பது நல்லதல்ல. அவர்கள் கொடுக்கிற மழைக்கோட்டு மலிந்த பிளாஸ்டிக், மழையில் நனையாவிட்டாலும் வியர்வையில் நனைவீர்கள், சொந்தமாக வைத்திருப்பவர்கள் கொண்டுபோங்கள். இடையில் கழிவறை எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதை முன்கூட்டியே எழுதுவதில்லை. தம்பலகாமத்தில் ஒரு வீட்டில் கேட்டுத்தான் போனோம், அந்த வீட்டு அம்மா மனம் கோணாமல் விட்டார், ஆனாலும் நடத்துகிறவர்கள்தான் முதலே ஏற்பாடு செய்திருக்க வேண்டும். நடை உண்டா இல்லையா என்ற செய்தி முதல்நாள் இரவு எட்டு மணிக்குத்தான் வரும். மழை எச்சரிக்கையைப் பார்த்து முடிவு செய்வதால் அப்படி, அது எனக்கு விளங்குகிறது, ஆனால் மட்டக்களப்பில் இருந்தோ வவுனியாவில் இருந்தோ வருகிறவர்கள் முதல்நாளே வந்து ஊரில் தங்குவதாக இருந்தால் மட்டும் பதிவு செய்யுங்கள்.

பொங்கலுக்கு அடுத்த ஞாயிறு தம்பலகாமத்துக்கு இன்னொரு நடை இருக்கிறது, பெரியம்மா தனக்கும் தன் சிநேகிதிக்கும் பெயர் கொடுத்துவிட்டார். இரண்டு இடம் மிச்சம் என்று நேற்று வட்ஸ்அப்பில் போட்டிருந்தார்கள். காலில் காயம் இருந்தால் பதியும்போதே சொல்லிவிடுங்கள்.