நங்கநல்லூரில் மல்லாட்டை எண்ணெய்: ஓர் இளையவரின் செக்கு எண்ணெய்க் கடை

பழவந்தாங்கல் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடையில், மாவு மில்லுக்கும் தையற்கடைக்கும் நடுவே அந்தச் சிறிய எண்ணெய்க் கடை இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஸ்கூட்டரில் அவ்வழியே போனபோது, பலகையில் ‘மரச்செக்கு மல்லாட்டை எண்ணெய்’ என்று எழுதியிருந்ததைப் படித்து வண்டியை நிறுத்தினேன். சென்னையில் அதைக் கடலை எண்ணெய் என்றுதான் சொல்வார்கள். மல்லாட்டை என்பது விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்துப் பேச்சு. வந்தவாசிக்கு அருகில் பிறந்து, பிழைப்புக்காகச் சென்னைக்கு வந்து நாற்பது ஆண்டுகள் ஆகிவிட்ட எனக்கு, அந்தச் சொல்லை ஒரு கடைப் பலகையில் பார்த்தது அதுவே முதல் முறை. அன்று வாங்கிய ஒரு லிட்டரில் தொடங்கி இன்றுவரை எங்கள் வீட்டுச் சமையலுக்கு அங்கிருந்துதான் எண்ணெய் வருகிறது.

முதலில் எண்ணெயைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூடியைத் திறந்தால் பச்சை மல்லாட்டையை மென்றது போன்ற மணம் வரும். நிறம் இளமஞ்சள். செஞ்சிக்கு அருகிலுள்ள கடைக்காரர் குடும்பத்தின் ஊரில் வாகை மரச்செக்கில் ஆட்டி, மூன்று நான்கு நாள் வெயிலில் வைத்துத் தெளியவிட்டு, மேலாக வடித்த பிறகே அடைக்கிறார்கள். அப்படியும் ஒரு வாரம் கழித்துப் பாட்டிலின் அடியில் மெல்லிய கசண்டு தங்கும். அது குறையன்று, சுத்திகரிப்பு ஆலைக்குப் போகாத எண்ணெயின் இயல்பு. தாளிப்புக்கும் வதக்கலுக்கும் வேறு எண்ணெயை நினைக்கவே தோன்றாது. வடை, பஜ்ஜி சுடும்போதுதான் கவனம் வேண்டும். இந்த எண்ணெய் வாணலியில் நுரைத்துப் பொங்கும். என் மனைவி ஒரு சிறு புளி உருண்டையைப் போட்டுப் பொரித்தெடுத்த பிறகு வடையை இடுகிறார், நுரை அடங்கிவிடுகிறது. முதல் முறை வாங்குபவர்கள் நுரையைப் பார்த்துக் கலப்படம் என்று எண்ணிவிட வேண்டாம்.

நல்லெண்ணெயும் அவர்களே ஆட்டுகிறார்கள். மாசிப் பட்டத்து எள்ளை வைகாசி வாக்கில் அறுத்து, கருப்பட்டி சேர்த்து ஆட்டிய எண்ணெய் அது. கருப்பட்டி சேர்ப்பது எள்ளின் கசப்பைக் குறைக்கிறது, எண்ணெய் பிரிவதற்கும் துணை செய்கிறது. தேங்காய் எண்ணெய் மட்டும் அவர்கள் வீட்டுச் சரக்கு இல்லை. அதைக் கடைக்காரர் பொள்ளாச்சிப் பக்கமிருந்து வாங்கி விற்கிறார். இதைக் கேட்கும் முன்பே அவராகச் சொல்லிவிட்டார் என்பதால்தான் மற்றவற்றைப் பற்றி அவர் சொல்வதையும் நான் நம்பினேன்.

இந்தக் கடையை நான் மதிப்பதற்கு முக்கியமான காரணம் பருப்பைப் பொறுக்கும் முறை. ஈரத்தோடு மூட்டை கட்டிய மல்லாட்டையில் பூஞ்சை பிடித்தால் அஃப்ளடாக்சின் என்ற நச்சு உண்டாகும். ஆலையில் சுத்திகரிக்கும்போது அது பெரும்பாலும் நீங்கிவிடும்; செக்கில் ஆட்டி அப்படியே அடைக்கும் எண்ணெய்க்கு அந்த வாய்ப்பு இல்லை. நச்சின் பெரும்பகுதி பிண்ணாக்கில் தங்கி, அதைத் தின்னும் மாட்டின் பால் வழியாகவும் வரும். ஆகவே செக்கு எண்ணெய் வாங்குபவர்கள் செக்கு எந்த மரம் என்று கேட்பதைவிட, பருப்பை எப்படிக் காயவைத்தீர்கள், யார் பொறுக்கினார்கள் என்று கேட்பது நல்லது. நான் கேட்டேன். அவர் ஒரு தாம்பாளத்தில் இரண்டு பிடி பருப்பைப் பரப்பி, சுருங்கியது, கருத்தது, முனை முறிந்தது, பச்சை பூத்தது என்று நான்கு குவியலாக விரலால் ஒதுக்கிக் காட்டினார். பிறகு முனை முறிந்ததை மட்டும் நல்ல பருப்போடு திரும்பச் சேர்த்தார். “இது உடைக்கும்போது முறிஞ்சது. இதைத் தள்ளினா எங்க அம்மா திட்டுவாங்க” என்றார். வீட்டில் அம்மாவும் இரண்டு அண்ணிகளும் இப்படித்தான் பொறுக்குகிறார்களாம்.

விலை லிட்டர் 320 ரூபாய். பெரிய கடைகளில் பாக்கெட்டில் கிடைப்பதோடு ஒப்பிட்டால் அதிகமாகத் தெரியும்; கணக்குப் போட்டால் தெரியாது. ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு வேண்டும். பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் அதுவே 300 ரூபாய் ஆகிறது. பிண்ணாக்கு விற்ற காசில்தான் ஆட்டுக்கூலி, பாட்டில், வண்டி வாடகை, கடை வாடகை எல்லாவற்றுக்கும் வழி பார்க்க வேண்டும். பருப்பின் அடக்கவிலைக்கும் மிகக் கீழே எவரேனும் செக்கு எண்ணெய் விற்றால், அதில் என்ன இருக்கிறது என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான். இன்னொன்றையும் கவனியுங்கள்: சில இடங்களில் கிலோவுக்கு விலை சொல்வார்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெயின் எடை சுமார் 910 கிராம் என்பதால், லிட்டர் விலையையும் கிலோ விலையையும் நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. இவர் லிட்டரில்தான் தருகிறார். ஆட்டிய தேதியைப் பேனாவால் லேபிளில் எழுதி ஒட்டுகிறார்.

கடைக்காரருக்கு முப்பது வயது இருக்கும். மூன்று ஆண்பிள்ளைகளில் கடைசி. மூத்தவர் நிலத்தையும் நடுவிலவர் செக்கையும் மாடுகளையும் பார்த்துக்கொள்ள, இவருக்கென்று வீட்டில் தனியாக ஒரு வேலை இருந்ததில்லை. எந்த ரகத்தை விதைப்பது, எப்போது மண் அணைப்பது, பருப்பை எந்த நாளில் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு ஏற்றுவது என்று திண்ணையில் பேச்சு நடக்கும்போது, இவரைத் தேநீர் வாங்கி வர அனுப்பிவிடுவார்களாம். ‘உனக்கு என்னடா தெரியும்’ என்று யாரும் கடிந்து சொன்னதில்லை. யாரும் எதையும் கேட்டதுமில்லை. அன்புக்குக் குறைவில்லாத வீட்டில் கடைக்குட்டிக்கு நேரும் நிலை இதுதான். இருபது வயதுக்கு மேலும் அவன் பிள்ளையாகவே இருக்கிறான்.

சென்னைக்கு வந்து திருவல்லிக்கேணி மேன்ஷனில் தங்கி இரண்டு ஆண்டுகள் கூரியர் வேலை பார்த்திருக்கிறார். பார்சல் கொடுக்கப் போகிற வீடுகளில் நல்ல எண்ணெய் எங்கே கிடைக்கும் என்று பெண்கள் பேசிக்கொள்வதைக் கேட்டுவிட்டு, ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பும்போது பேருந்தில் ஐந்து லிட்டர் கேன் இரண்டைக் கொண்டுவந்தார். அதுவரை அந்த வீட்டின் மல்லாட்டை 80 கிலோ மூட்டையாக வியாபாரி சொன்ன விலைக்குப் போய்க்கொண்டிருந்தது. செக்கு ஊராருக்குக் கூலிக்கு ஆட்டிக்கொண்டிருந்தது. இப்போது மாதம் இருமுறை திண்டிவனம் வழியாகக் குட்டி யானையில் சரக்கு வருகிறது. நிலம், செக்கு, கடை மூன்றும் ஒரே கணக்கு நோட்டில் இருக்கின்றன. அந்த நோட்டை எழுதுபவர் இவர்தான்.

சென்ற தையில் அவருடைய அப்பா கடைக்கு வந்து நான்கு நாட்கள் தங்கியிருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பார். மகன் உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு பெண்மணி வந்து பத்து லிட்டருக்கு விலை குறைத்துத் தருவீர்களா என்று கேட்டார். பெரியவர் எழுந்து நின்று, “சின்னவரு உள்ள இருக்காரு. அவரைக் கேட்டுத்தாம்மா சொல்லணும்” என்றார். எங்கள் பக்கத்தில் அப்பா தன் கடைசி மகனை ‘அவன்’ என்பார், ‘பையன்’ என்பார். அயலார் முன்னிலையில்கூட ‘அவர்’ என்று சொல்லி நான் கேட்டதில்லை. உள்ளேயிருந்து வெளியே வந்தவரின் முகத்தில் அதைக் கேட்ட அறிகுறி எதுவும் இல்லை. ஐந்து ரூபாய் குறைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் பாட்டில்களைத் துடைக்கத் தொடங்கினார்.

நான் எங்கள் வீட்டில் மூத்தவன். என் கடைசித் தம்பி படிப்பை நிறுத்திவிட்டு நிலத்தோடு நின்றவன். அப்பாவையும் அம்மாவையும் கடைசிவரை பார்த்துக்கொண்டவனும் அவனே. ஆண்டுதோறும் அவன் அனுப்பும் அரிசி மூட்டைக்கும் மல்லாட்டைக்கும் நான் ஒரு நாளும் விலை கேட்டதில்லை. இந்தக் கடையில் 320 ரூபாயை எண்ணிக் கொடுத்துவிட்டு வந்த ஒரு மாலையில் அவனைத் தொலைபேசியில் அழைத்து, இந்த ஆண்டு மூட்டை என்ன விலைக்குப் போனது என்று கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “எதுக்குண்ணே, பணம் ஏதும் தேவைப்படுதா?” என்றான். முப்பது ஆண்டுகளாக அந்தக் கேள்வியை நான் கேட்காததால் அவனுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும். இப்போது விதைப்புக்கு முன்பும் அறுப்புக்குப் பின்பும் அவனோடு கணக்குப் பேசுகிறேன்.

கடைக்குக் குறைகளும் உண்டு. கண்ணாடிப் பாட்டில் இல்லை, எல்லாம் பிளாஸ்டிக். அதுவும் வெயில் படும் முன்தட்டில் அடுக்கி வைக்கிறார். ஒளியும் சூடும் பட்டால் எண்ணெய் சிக்கடித்துப் போகும் என்று இரண்டு முறை சொல்லிவிட்டேன், இன்னும் மாற்றவில்லை. நீங்கள் உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்து கேட்டு வாங்குங்கள், இரண்டு மூன்று மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். வீட்டுக்கு அனுப்பிவைப்பது நங்கநல்லூர், ஆதம்பாக்கம் அளவோடு சரி. தொலைபேசியை மதியத்தில் எடுப்பதில்லை.

எல்லாவற்றிலும் பெரிய குறை, ஐப்பசியில் பத்து நாள் கடையைப் பூட்டிவிடுவது. ஆடிப் பட்டத்தில் விதைத்த மல்லாட்டை 105 நாளில் முற்றும். தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் சுட ஊரே எண்ணெய் தேடும் நாட்களில்தான் அங்கே கொடி பிடுங்கும் வேலையும் வரும். ஆளை வைத்துக் கடையைத் திறந்து வைக்கலாமே என்று கேட்டேன். பிடுங்கவும் ஆயவும் உலர்த்தவும் வீட்டு ஆட்கள் எல்லோரும் நிற்க வேண்டும், மழைக்கு முன்னால் காய் களத்துக்கு வந்துவிட வேண்டும், ஈரத்தோடு மூட்டை கட்டினால் பிறகு பொறுக்கித் தீராது என்றார். அங்கே போனால் எந்தச் சாலில் இறங்குவது என்று பெரியண்ணன்தான் சொல்வாராம், பத்து மணித் தேநீருக்கு இன்னமும் இவர்தான் போகிறாராம். திரும்பி வரும்போது நமக்கு ஒரு சாக்குப் பச்சை மல்லாட்டை கொண்டுவருவார். வேகவைக்க அதைவிட நல்லது சென்னையில் கிடைப்பது அரிது. தீபாவளி எண்ணெயைப் புரட்டாசி கடைசி வாரத்துக்குள் வாங்கி வைத்துவிடுங்கள்.