வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு ஒலியா, மின்னட்டையா?

காரைக்குடியில் எங்கள் மகளை முதல் வகுப்பில் சேர்ப்பதற்கு முன், வாசிப்புக்குப் பழக்க இரண்டு வழிகள் எங்கள் முன் இருந்தன. எழுத்தைக் காட்டும் முன்பே சொற்களை ஒலிகளாகப் பிரிக்கவும் சேர்க்கவும் காதைப் பழக்குவது ஒன்று. படத்தோடு முழுச்சொல் அச்சிட்ட மின்னட்டைகளைக் காட்டி, பார்த்தவுடன் சொல்ல வைப்பது மற்றொன்று. நாங்கள் ஒலி வழியைத் தேர்ந்துகொண்டோம். ஆகவே இந்த அலசல் அந்தப் பக்கமே சாயும்.

மின்னட்டையின் வசதி வெளிப்படையானது. குழந்தை விரைவில் வாசிப்பதுபோலத் தோன்றும். வீட்டுக்கு வருகிறவர்களிடம் காட்டிப் பெருமைப்படலாம்.

ஒலிப் பயிற்சிக்கோ பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. பலகாரம் சுடும் நாளில் அடுப்படியிலிருந்தே அப்பத்தா கேட்பார்: "தேன்குழல்ல தேனை எடுத்துட்டா என்ன ஆத்தா மிச்சம்?" "குழல்" என்று உடனே பதில் வரும். "அதிரசத்துல அ-வை எடுத்துட்டா?" சற்று யோசித்து, "திரசம்" என்று சொல்லிவிட்டுச் சிரிப்பாள். 'கல்' என்பதில் முதல் ஒலியை மாற்றிப் 'பல்' ஆக்குவதுதான் அவளுக்குக் கடைசியாகக் கைவந்தது. பெரிய துண்டிலிருந்து சிறிய ஒலிக்கு இறங்கும் இந்த வரிசை பொதுவானதே. கன்னட வழிப் பிள்ளைகளைப் பற்றி 2007-இல் சோனாலி நாக் வெளியிட்ட ஆய்வும், அசையை உணரும் திறன் முந்தி வருகிறது, தனி ஒலியை உணரும் திறன் மெதுவாகவே கூடுகிறது என்று காட்டியது. கன்னடத்தைப் போலவே உயிர்மெய் எழுத்துகளால் எழுதப்படும் தமிழுக்கு, ஆங்கிலப் பிள்ளைகளைப் பற்றிய முடிவுகளைவிட இதுவே நெருக்கமானது.

என் தேர்வைத் தீர்மானித்தது தமிழ்ச் சொல்லின் வால். 'மரம்' என்ற அட்டையை மனப்பாடம் செய்த பிள்ளை, கதையில் சந்திப்பது பெரும்பாலும் மரத்தை, மரத்தில், மரத்திலிருந்து, மரங்களுக்கு என்ற உருவங்களைத்தான். இத்தனைக்கும் யாரும் அட்டை அடிக்க முடியாது. பொருளும் அந்த வாலில்தான் இருக்கிறது. 'பூனை எலியைத் துரத்தியது', 'பூனையை எலி துரத்தியது' என்ற இரண்டு வரிகளிலும் அட்டைப் பிள்ளைக்குத் தெரிந்த சொற்கள் பூனையும் எலியுமே என்பதால், உலக வழக்கத்தை வைத்து ஊகித்து, இரண்டுக்கும் ஒரே கதையைச் சொல்லிவிட வாய்ப்புண்டு. சொல்லின் இறுதியில் ஒட்டியிருக்கும் 'ஐ' என்ற ஒலியைக் காதால் பிரித்தறியப் பழகிய பிள்ளை அங்கே நிற்கும், யார் யாரைத் துரத்தியது என்று திரும்பிப் பார்க்கும். படம், பாடம் என்ற குறில் நெடில் வேறுபாட்டுக்கும் இதே கதைதான். இதோடு வேகமும் சேர்கிறது: எழுத்துக்கூட்டுவதிலேயே கவனம் முழுவதும் செலவானால், வாக்கியம் முடிவதற்குள் அதன் தொடக்கம் மறந்துபோகும், ஒலிகளைச் சேர்ப்பது தன்னியல்பானால்தான் பொருளுக்குக் கவனம் மிஞ்சும்.

ஆனால் ஒலி மட்டும் போதும் என்று நான் சொல்லவில்லை. 1986-இல் காஃப், டன்மர் என்னும் ஆய்வாளர்கள் இருவர், வாசித்துப் புரிதல் என்பது எழுத்தை ஒலியாக்கும் திறனையும் மொழியைப் புரியும் திறனையும் பெருக்கி வருவது என்று விளக்கினார்கள். ஒன்று சுழியமானால் விடையும் சுழியமே. வீட்டில் 'வந்துச்சு' என்று கேட்கும் பிள்ளைக்கு, புத்தகத்தின் 'வந்தது' ஏறக்குறைய புது மொழி. அதற்கு இரவில் கதை வாசித்துக் காட்டுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை, அதையும் செய்கிறோம்.

நான் பார்த்தது பெரும்பாலும் ஒரே பிள்ளையை. வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகளுக்கும், காது கேட்பதில் சிரமம் உள்ளவர்களுக்கும் இதே வரிசை பொருந்துமா என்று என்னால் உறுதி கூற முடியாது. ஆங்கில வாசிப்பில், எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஒழுங்காக இல்லாத சில சொற்களுக்கு, நாங்களும் அட்டையைத்தான் கையில் எடுக்கிறோம்.