கோட்லின் ஃப்ளோ டெஸ்ட்டுகள்: ரன்டெஸ்ட்டுடன் மூன்று வருடம்

கோட்லின் நிரல்மொழியில் ஃப்ளோ என்பது மதிப்புகளை ஒவ்வொன்றாக விடும் ஓடை. தேடல் பெட்டியில் தட்டுவதும் அப்படி ஒன்று: தட்டுவது நின்று 300 மில்லி விநாடி ஆன பிறகே சர்வரிடம் கேட்க வேண்டும். இந்த ஒரு டிபௌன்ஸைச் சோதிக்க முன்பெல்லாம் த்ரெட் ஸ்லீப் போட்டு 500 மில்லி விநாடி காத்திருப்பேன். என் கணினியில் பாஸ் ஆகும். எல்லா டெஸ்ட்டுகளையும் தானாக ஓட்டும் பில்ட் சர்வரில் சுமை கூடினால் ஃபெயில் ஆகும், மறுபடி ஓட்டினால் பாஸ். அப்படி ஒரு டெஸ்ட் சிவப்பு காட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

கோரூட்டீன் (இடையில் நின்று பிறகு தொடரக்கூடிய வேலை) டெஸ்ட் நூலகத்தின் 1.6 பதிப்பில் வந்த, டெஸ்ட்டை ஓட்டித் தரும் ரன்டெஸ்ட்டுக்கு மாறினேன். இதில் டிலே (கோரூட்டீனைக் காத்திருக்க வைக்கும் அழைப்பு) எதுவும் நிஜமாகக் காத்திருக்காது. மெய்நிகர் கடிகாரம்தான் நகரும். ஒரு மணி நேரம் கழித்து நடக்கவேண்டிய ரீட்ரை (மறுமுயற்சி) கூட உடனே முடிந்துவிடும்.

முதலில் என்னைப் படுத்தியெடுத்தது, அந்தக் கடிகாரத்தை நகர்த்தும் அட்வான்ஸ்டைம்பை. 300 நகர்த்தினால் அதற்கு முந்தைய வேலைகள் மட்டுமே ஓடும்; சரியாக 300-ல் இருப்பது ஓடாது. அதற்கு, அந்தக் கணத்தில் இருக்கும் வேலைகளை ஓட்டும் ரன்கரண்ட்டை அழைக்க வேண்டும். எரிச்சலாக இருந்த இதுவே இன்று எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 300 நகர்த்தி, எதுவும் வரவில்லை என்று பார்க்கிறேன். அப்புறம் ரன்கரண்ட், வந்துவிட்டது என்று பார்க்கிறேன். ஒரு மில்லி விநாடி பிசகினாலும் டெஸ்ட் காட்டிக்கொடுத்துவிடும்.

இன்னொன்றில் ஒரு நாள் முழுக்கப் போனது. 'அ', 'அம்', 'அம்மா' என்று 200 மில்லி விநாடி இடைவெளியில் மூன்று மதிப்புகளை விடும் ஃப்ளோ. கடைசி மதிப்பு 700-ல் வரும் என்று நினைத்தேன், 400-லேயே வந்தது. மூல ஃப்ளோ முடிந்துவிட்டால் டிபௌன்ஸ் காத்திருக்காது, கையில் இருப்பதை உடனே விட்டுவிடும். நிஜத் தேடல் பெட்டி அப்படி முடிவதில்லையே! இப்போது, தானாக முடியாத ஷேர்டுஃப்ளோ வைத்துத்தான் சோதிக்கிறேன். அதிலும் கலெக்ட் (மதிப்புகளைப் பெறுவது) தொடங்கிய பிறகே மதிப்பை விட வேண்டும், இல்லையென்றால் தொலைந்துபோகும்.

ஃப்ளோக்களைச் சோதிக்க உதவும் டர்பைன் நூலகம் வசதியானது, தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். மதிப்பு வராதபோது அது காத்திருக்கும் மூன்று விநாடி மட்டும் நிஜ நேரம்.

பெரிய சிக்கல் நம் கோடில்தான் இருக்கிறது. கோரூட்டீன் எந்த த்ரெட்டில் ஓடும் என்று தீர்மானிப்பது டிஸ்பாச்சர். உள்ளே எங்காவது டிஸ்பாச்சர்ஸ் ஐஓ என்று நேரடியாக எழுதியிருந்தால், அங்குள்ள டிலே நிஜமாகவே காத்திருக்கும். சிஸ்டம் கடிகாரத்தைப் படிக்கும் வரிக்கும் மெய்நிகர் நேரம் தெரியாது. அதனால் டிஸ்பாச்சரையும் கடிகாரத்தையும் கன்ஸ்ட்ரக்டரில் வெளியிலிருந்து வாங்குகிறேன்; டெஸ்ட்டில் மெய்நிகரானதைக் கொடுக்கலாம். பழைய கோடில் இரண்டு கிளாஸ்கள் பாக்கி. அவற்றின் டெஸ்ட்டுகளில் மட்டும் ஸ்லீப் இன்னும் இருக்கிறது.