உறையூர் வாஷிங் மெஷின் மெக்கானிக்: வேலை சுத்தம், பில் கிடையாது

போன வியாழக்கிழமை மெஷின் பாதியில் நின்றுவிட்டது. ஏழு கிலோ ஃப்ரண்ட் லோடு, வாங்கி ஆறு வருஷம். கண்ணாடிக்குப் பின்னால் பாதி டிரம்முக்கு அழுக்குத் தண்ணீர், அதற்குள் மாமியாரின் ஒன்பது கஜம். தண்ணீர் வடியாமல் கதவு திறக்காது. பின்பக்கக் குழாய் மடங்கியிருக்கிறதா என்று நானே பார்த்துவிட்டேன், இல்லை.

முதலில் வந்தது கம்பெனி ஆள். ஸ்பின்னில் போட்டு அரை நிமிஷம் நின்றார். "பம்பு போச்சு மேடம், மாத்திடலாம்." 3,200 ரூபாயாம். கீழே இருக்கும் சின்ன மூடியைத் திறக்கக்கூட இல்லை. பார்த்ததற்கு மட்டும் 500 கொடுத்து அனுப்பினேன்.

அப்புறம்தான் எங்கள் தெருமுனை மெக்கானிக் கடைக்காரரைக் கூப்பிட்டேன். சனிக்கிழமை காலை என்றவர் ஞாயிறு மத்தியானம்தான் வந்தார். அதற்குள் தண்ணீர் நாற ஆரம்பித்துவிட்டது. வந்ததும் பையைத் திறக்கவில்லை. ஸ்பின்னில் போடச் சொல்லிவிட்டு மெஷின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து காதை வைத்தார். 'ங்ங்ங்' என்று ஒரு முனகல். "சத்தம் வருதுல்ல அக்கா, அப்போ பம்புக்குக் கரண்ட் போகுது. உள்ள தண்ணியைத் தள்ளுற ஃபேன்ல ஏதோ மாட்டியிருக்கு. சத்தமே இல்லைன்னாதான் பம்பு மோட்டார் காயிலையும் ஒயரையும் சந்தேகப்படணும்." இந்தப் பேச்சுக்கே காசு கொடுக்கலாம்.

பிளக்கைப் பிடுங்கினார். மூடிக்குள் விரல் தடிமனில் ஒரு குட்டி ரப்பர் குழாய் இருக்கிறது, ஆறு வருஷமாக எனக்குத் தெரியாது. அது தரையை ஒட்டி இருப்பதால் வாளி, மக் எதுவும் அடியில் நுழையாது. "தாம்பாளம் இருக்கா?" என்றார். என் கல்யாணச் சீர் தாம்பாளம் வந்தது. பதினொரு தடவை நிரம்பியது, மாமியார் எண்ணினார். வடிந்த பிறகுதான் பக்கத்தில் இருந்த ஃபில்டரை இடப்பக்கமாகத் திருகிக் கழற்றினார். ஒரு ரூபாய்க் காசு, சட்டைப் பொத்தான், களிமண் மாதிரி இறுகிய நூலும் முடியும். அதோடு நிறுத்தாமல் டார்ச் அடித்து உள்ளே பார்த்தார். ஃபில்டரைத் தாண்டிப் போன ஒரு சைடு பின், பம்பு ஃபேனில் முடியோடு சுற்றிக் கிடந்தது. சின்ன இடுக்கியால் எடுத்துவிட்டு ஃபேனை விரலால் சுற்றச் சொன்னார். வழவழவென்று சுற்றவில்லை, கடக் கடக்கென்று விட்டு விட்டு நகர்ந்தது. பயந்துவிட்டேன். "உள்ள காந்தம் இருக்குக்கா, அப்படித்தான் சுத்தணும்" என்று சிரித்தார்.

புடவை வெளியே வந்தது. சாயம் போகவில்லை, ஆனால் வாடை போக இரண்டு தடவை அலச வேண்டியிருந்தது.

கூலி 350. கை துவைப்புப் பவுடரைப் போடாதே, நுரை அதிகமானாலும் பம்பு தண்ணீரை இழுக்காது என்று ஒரு திட்டும் சேர்த்து. அது சலுகை விலைப் பவுடர், இன்னும் இரண்டு கிலோ மீதி இருக்கிறது.

குறை இல்லாமல் இல்லை. மத்தியானம் ஒன்றிலிருந்து நாலு வரை போனை எடுக்க மாட்டார். பில் கேட்டால் "எதுக்குக்கா?" என்பார். தரையெல்லாம் தண்ணீர், துடைத்தது நான்தான். அந்தச் சின்ன மூடியின் கொக்கியையும் உடைத்துவிட்டார். ஒரு ஸ்டாரைக் குறைத்து நாலு கொடுக்கிறேன். மூடி இப்போது செல்லோடேப்பில் நிற்கிறது.