பிரிசிஷன் பேஸ்: ராக் குழுக்களில் ஒரு நீண்ட காலப் பழக்கம்

ஃபெண்டர் நிறுவனத்தின் பேஸ் கிட்டாரான பிரிசிஷன் பேஸ் வாங்கலாமா என்று கேட்கும் இளைஞர்களிடம், குழுவில் வாசிக்கப் போகிறீர்களா என்றுதான் முதலில் கேட்பேன். ஆம் என்றால் தயங்காமல் வாங்கலாம். கல்லூரி விழாக்களில் தொடங்கி, சென்னையிலும் பெங்களூருவிலும் பல ராக் குழுக்களில் வாசித்துத் தலை நரைத்தவன் நான். பாடகர்கள் மாறினார்கள், பாதி நண்பர்கள் வேலை கிடைத்து அமெரிக்கா போனார்கள், குழுக்கள் கலைந்தன. என் தோளில் தொங்கிய கருவி மட்டும் மாறவில்லை.

1951இல் வந்த கருவி இது. இன்று நாம் பார்க்கும் வடிவம் 1957இல் அமைந்தது. நான்கு தந்திகள், அதிரும் தந்தியின் நீளம் 34 அங்குலம், ஒலி அளவுக்கும் தொனிக்கும் ஒவ்வொரு திருகு, அவ்வளவுதான். கடையில் தனியாக வாசித்துப் பார்த்தால் ஒலி சற்று மொத்தையாகவே தோன்றும். இரண்டு கிட்டார்கள் முழு டிஸ்டார்ஷனில் இரையும்போதுதான் அதன் அருமை புரியும். மற்ற பேஸ்கள் அந்த இரைச்சலில் காணாமல் போகும் இடத்தில் இது காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, ஒவ்வொரு ஸ்வரமும் நெஞ்சில் தட்டுவதுபோல் நிற்கும். என்னைக் குழுக்கள் விடாமல் கூப்பிட்டதில் என் விரல்களுக்கு உள்ள பங்கு இந்த ஒலிக்கும் உண்டு என்று உறுதியாக நம்புகிறேன்.

நம் ஊர் மேடைகளுக்கு இதில் இன்னொரு பெரிய அனுகூலம் உண்டு. தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச் சுருளான பிக்கப் இரண்டு துண்டுகளாக, ஒன்றுக்கொன்று எதிரெதிராகச் சுற்றப்பட்டிருப்பதால் மின்சார இரைச்சலைத் தானே அடித்துவிடும். எர்த் சரியில்லாத எத்தனையோ அரங்குகளில், ஃபெண்டரின் இரண்டு பிக்கப் கொண்ட ஜாஸ் பேஸ் வைத்திருந்த நண்பர்கள் ஒரு பிக்கப்பைக் குறைத்ததுமே ‘ங்ங்’ என்று ரீங்காரம் கிளம்பும். என் ஆம்ப் அமைதியாக இருக்கும்.

குறைகளும் உண்டு. சுமார் நான்கு கிலோ எடை, இரண்டு மணி நேரம் நின்று வாசித்தால் இடது தோளை வாங்கிவிடும். அகலமான தோல் பட்டை அவசியம். அடுத்தது சென்னையின் ஈரக்காற்று. மழைக்காலத்தில் கருவியின் நெக் (கழுத்துப் பகுதி) வளைந்து தந்திகள் எழும்பிவிடும். நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்தான் ஃப்ரெட்கள். தந்தியை முதல் ஃப்ரெட்டிலும் கடைசி ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேலே உள்ள இடைவெளியைப் பாருங்கள். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவு இருந்தால் போதும். அதிகமானால் நெக்கின் வளைவைச் சரிசெய்ய அதற்குள் ஓடும் உலோகக் கம்பியான டிரஸ் ராடைக் கால் சுற்று முறுக்கி, ஒரு நாள் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒரே மூச்சில் முறுக்காதீர்கள்.

தந்தி விஷயத்தில் என் கட்சி, மேலே தட்டையான கம்பி சுற்றிய வழவழப்பான ஃப்ளாட்வவுண்டு. அமெரிக்காவின் மோடவுன் இசை நிறுவனத்தில் பேஸ் வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் அறுந்தாலொழியத் தந்தியை மாற்றியதில்லை. அந்த ஆழமான, உருண்டையான ஒலி அப்படி வந்தது. ராக் இசைக்கு அது மந்தம் என்பவர்கள் அயர்ன் மெய்டன் மெட்டல் குழுவின் ஸ்டீவ் ஹாரிஸைக் கேட்க வேண்டும். அவரும் பிரிசிஷனில் ஃப்ளாட்வவுண்டுதான் போடுகிறார். 2007 மார்ச்சில் பெங்களூரு அரண்மனை மைதானத்தில் நடந்த கச்சேரியில் அவர் விரல்கள் குதிரைப் பாய்ச்சலில் ஓட, தந்தி ஃப்ரெட்டில் மோதும் ‘டக்டக்’ ஓசை கூட்டத்தின் கூச்சலையும் தாண்டிக் கேட்டது. அன்று இரவே என் ஆம்பில் நடுத்தர அலைவரிசையைக் கூட்டி வைத்தேன், இன்றுவரை குறைக்கவில்லை. நம் வியர்வைக்கு, உருண்டைக் கம்பி சுற்றிய ரவுண்டுவவுண்டு தந்திகள் சீக்கிரம் செத்துப்போகும் என்பதும் ஒரு காரணம்.

தாழ்ந்த சுருதியில் வாசிக்கும் இன்றைய மெட்டல் குழுக்களுக்கு நான்கு தந்தி போதாது. அவர்கள் ஐந்து தந்திக் கருவியைப் பார்க்கலாம். ஹார்ட் ராக், ப்ளூஸ், பங்க் வாசிப்பவர்களுக்கு இது தாராளம். பழையது வாங்கினால் டிரஸ் ராடில் இன்னும் முறுக்க இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பணம் கொடுங்கள். வாங்கும் அன்றே காதுக்கு நல்ல அடைப்பான் ஒன்றும் சேர்த்து வாங்குங்கள். சிம்பலுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காக நின்ற என் வலது காதில் இப்போது ஓயாத ரீங்காரம்.