பெல்லி-ராப்சனா, மார்ஸா? கான்ட்ராஸ்ட் பரிசோதனைக்கு நான் எடுத்த அட்டை

பார்வை அட்டையில் கடைசி வரி வரை படித்துவிட்டு, "ஆனாலும் எல்லாம் புகை படிந்த மாதிரி தெரிகிறது" என்பவர்களுக்குத்தான் கான்ட்ராஸ்ட் பரிசோதனை, அதாவது பின்னணியோடு கலந்து மங்கும் எழுத்தை எதுவரை பிரித்துப் பார்க்க முடிகிறது என்ற சோதனை, தேவைப்படுகிறது. கண்புரை ஆரம்பத்திலும் கிளாக்கோமாவிலும் இதை அடிக்கடி பார்க்கிறேன்.

1988இல் வந்த பெல்லி-ராப்சன் அட்டை இன்றும் அளவுகோல். எல்லா எழுத்தும் ஒரே அளவு. மும்மூன்றாக மங்கிக்கொண்டே போகும், ஒவ்வொரு மூன்றுக்கும் 0.15 லாக் (மடக்கை அளவு; எண் கூடக் கூட எழுத்து மங்கல்). ஒரு மீட்டர் தூரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அதில் குறை சொல்ல முடியாது. ஆனாலும் நான் மார்ஸ் அட்டையைத்தான் எடுத்தேன். காரணம் வெளிச்சம்.

பெல்லி-ராப்சன் ஏறக்குறைய 60 செ.மீ. அகலமும் 80 செ.மீ.க்கு மேல் உயரமும் உள்ள சுவர் அட்டை. அதன் வெள்ளைப் பரப்பு முழுவதும் சதுர மீட்டருக்கு 85 கேண்டெலா அளவில் சீராக ஒளிர வேண்டும். கூரை விளக்கை நம்பினால் மேலே பளிச்சென்றும் கீழே மங்கலாகவும் இருக்கும். மங்கலான எழுத்துகள் இருப்பதோ கீழேதான்! ஒளி அளக்கும் மீட்டரை வைத்து மூலைக்கு மூலை அளந்து, விளக்கை நகர்த்தி, மறுபடி அளந்து, சலித்துப்போனேன். மார்ஸ் கையில் பிடிக்கும் அட்டை, 23க்கு 36 செ.மீ. ஒரு நல்ல மேசை விளக்கு போதும். எழுத்துக்கு எழுத்து கான்ட்ராஸ்ட் 0.04 லாக் குறைவதால் படியும் நுணுக்கம். வேலை முடிந்ததும் உறைக்குள் போய்விடும்; சுவரில் தொங்கி வெயிலும் தூசும் பட்டு நிறம் மாறுவதில்லை. எழுத்தின் மேல் விரல் படாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், ஒரு கறையே கான்ட்ராஸ்ட்டை மாற்றிவிடும். 50 செ.மீ. தூரம் என்பதால் வெள்ளெழுத்து உள்ளவருக்கு அதற்கேற்ற கண்ணாடி போட்டே சோதிக்க வேண்டும்.

எழுத்துக்குப் பதில் கோடுகளைக் காட்டும் சி.எஸ்.வி-1000 போன்ற அட்டைகளில் விளக்கு உள்ளேயே இருக்கிறது, நுண்மையான கோடு, பருமனான கோடு என்று தனித்தனியாகவும் அளக்கலாம். அவற்றை நான் கொஞ்ச நாள்தான் பயன்படுத்தியிருக்கிறேன், உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன்.

டேப்லெட் செயலியா? சாதாரணத் திரையில் கறுப்பிலிருந்து வெள்ளை வரை 256 வெளிச்சப் படிகள்தான். வெள்ளைக்கு அடுத்த படியே ஏறக்குறைய 0.9 சதவீதம் இறங்கிவிடும். பெல்லி-ராப்சனின் கடைசி எழுத்துகளின் கான்ட்ராஸ்ட்டோ 0.56 சதவீதம். தனி உத்தி இல்லாமல் அந்த இடத்தை எட்டவே முடியாது.

சரி, உங்களிடம் ஏற்கெனவே பெல்லி-ராப்சன் பதிவுகள் வருடக்கணக்கில் இருந்தால், அந்த நோயாளிகளுக்கு அதிலேயே தொடருங்கள். அது 2.25 லாக் வரை போகும், மார்ஸ் 1.92இல் நின்றுவிடும்.